அந்தரத்துக் கதவு

மாடியில் ஒரு கதவு இருந்தது. அதைத் திறந்து ஓர் எட்டு வைத்தால் தெருவுக்கு வந்துவிடலாம். முழுசாக வந்து சேருவோமா என்பது வேறு விஷயம். கதவுக்கு வெளியே படி கிடையாது, பால்கனி கிடையாது, பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூடக் கிடையாது. வெறும் காற்று. கதவுக்கு நேர் மேலே, கூரைக்குச் சற்றுக் கீழே, சுவரிலிருந்து ஒரு தடித்த உத்திரம் தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஓர் இரும்புக் கொக்கி. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அதைத் தூக்குமரம் என்று சொல்லி ஒருவரை ஒருவர் பயமுறுத்திக்கொள்வார்கள். அங்கே யாரையும் தொங்கவிட்டதில்லை. துரைமார் காலத்தில் அந்த வீடு பண்டகசாலை. மாடியில் அடுக்க வேண்டிய துணிப் பொதிகளை அந்தக் கொக்கியில் கப்பி மாட்டித் தெருவிலிருந்தே மேலே இழுத்தார்கள். பொதி நுழைவதற்குத்தான் அந்தக் கதவு. மனிதர்களுக்கு உள்ளே அகலமான படிக்கட்டு தனியாக இருந்தது.

தெரு முழுக்க அப்படிப்பட்ட வீடுகள்தான். அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி நேரான தெரு, மஞ்சள் பூசிய சுவர்கள், ஒவ்வொன்றும் ஒரு முழம் கனம். யானை புகுகிற வாசல். ஜன்னல்களோ ஆள்மேல் ஆள் நின்றாலும் மேல் கொண்டி எட்டாத உயரம். கட்டியவர்கள் கப்பலேறிப் போய்த் தலைமுறைகள் ஆகிவிட்டன. வாசல் வளைவுகளில் தங்கள் எழுத்தில் எதையோ செதுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அதன்மேல் இப்போது மின்சார மீட்டர். வண்டிச் சக்கரம் சுவரில் உரசாமலிருக்க வீட்டு மூலையில் ஒரு பழைய பீரங்கியைத் தலைகீழாகப் புதைத்திருந்தார்கள். எந்தப் போரில் முழங்கியதோ, இப்போது பால்காரர் சைக்கிளைச் சாய்க்கிறார்.

கதவு இருந்த வீடு அண்ணன் தம்பி இருவருக்குச் சொந்தம். அப்பா போன பிறகு வீட்டை நட்டநடுவில் கோடு கிழித்துப் பிரித்தார்கள். சீட்டுப் போட்டதில் அண்ணனுக்கு இடப்பக்கம், தம்பிக்கு வலப்பக்கம். அகலப் படிக்கட்டு இடப்பக்கத்தோடு போய்விட்டது. தம்பி பங்கில் வந்தது பின்கட்டில் இருந்த இரும்புச் சுருள்படி. அந்தக் காலத்தில் தண்ணீர் சுமந்தவர்கள் ஏறி இறங்கியது. அதில் ஏறுகிறவன் மாடிக்குப் போய்ச் சேருவதற்குள் கிறுகிறுத்துப் போவான்.

"படியை மட்டும் பொதுவுல வச்சுக்கலாமே" என்று தம்பி கேட்டார்.

"உன் சீட்டுல படி வரலைன்னா அதுக்கு நான் என்ன பண்ண?" என்றார் அண்ணன்.

"சரி. இனிமே உன் படியில என் கால் படாது."

அத்தோடு பேச்சு முறிந்தது. தம்பிக்கு ரோஷம் அதிகம். மாடிக் கூடத்தில் கோடு மட்டும் போதாது, சுவரே வேண்டும் என்று அடம்பிடித்து ஒரே நாளில் ஆள் வைத்து எழுப்பினார். கூடத்துத் தரையில் கறுப்பும் வெள்ளையுமாகச் சலவைக்கல் கட்டங்கள். நடுவரிசைக் கறுப்புக் கட்டம் யாருக்கு என்று வாய்ச்சண்டை வந்து, யாருக்கும் வேண்டாம் என்று அதன்மேலேயே செங்கல் வைத்தார்கள். முழக்கனச் சுவர்கள் நின்ற அந்த வீட்டில் இந்த ஒன்று மட்டும் நாலு விரல் கனம். கோபத்தில் கட்டுகிற சுவருக்கு யார் கலவையைப் பார்க்கிறார்கள்?

தம்பிக்குச் சுவர் எழும்பிய பிறகுதான் கல்யாணம் ஆனது. வந்த சின்ன மருமகள் வேற்றூர்க்காரி. அவளுக்கு அந்த வீடு எப்போதுமே பாதி வீடுதான். மற்ற பாதியை நினைத்து ஏங்க அவளுக்கு ஒன்றும் இல்லை. கிடைத்த பாதியில் என்ன செய்யலாம் என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். கீழே கிணறும் கல் தொட்டியும், மேலே பரந்த மொட்டை மாடி, துறைமுகத்திலிருந்து நாள் முழுக்க வீசும் காற்று.

"இவ்வளவு காத்தையும் சும்மாவா விடறீங்க?" என்று புருஷனைக் கேட்டாள். அடுத்த மாதமே சலவை வேலை ஆரம்பித்தாயிற்று.

தெருக்கோடியில் இருந்த பழைய அதிகாரி பங்களாவை விடுதியாக மாற்றியிருந்தார்கள். அந்த விடுதியின் படுக்கை விரிப்புகள் இவர்களிடம் வந்தன. விடிந்ததும் கொப்பரையில் சோடா போட்டுக் கொதிக்கவைப்பாள். தொட்டியில் அலசி, நீலம் கலந்து, கஞ்சி போட்டு, இருவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து முறுக்கிப் பிழிவார்கள். ஈரச் சுமையைச் சுருள்படி வழியாக மொட்டை மாடிக்குத் தூக்குவது தம்பி வேலை. அங்கே கொடியில் விரித்துவிட்டால் காற்று பார்த்துக்கொள்ளும். பிற்பகலில் கரி இஸ்திரிப் பெட்டியோடு அவர் மல்லுக்கட்டுவார். ராத்திரி தோளைத் தேய்த்துவிடச் சொல்லி முனகுவார்.

மொட்டை மாடியிலும் நடுவில் ஒரு கைப்பிடிச் சுவர் இருந்தது. அது துரைமார் காலத்தது, முழங்கால் உயரம்தான். அதன் இரு பக்கமும் இரண்டு மருமகள்களும் தினம் சந்தித்தார்கள். புருஷன்மார் பேசிக்கொள்ளாவிட்டால் பெண்டாட்டிகள் இரண்டு மடங்கு பேச வேண்டியிருக்கிறது.

"உங்க வீட்டுக்காரர் நேத்து உங்க மாடத்துல எங்க துணித் தண்ணி சொட்டுதுன்னு சுவத்தைப் பார்த்துத் திட்டினாராம்?" என்பாள் சின்னவள்.

"அவர் சுவத்தோட பேசுவார், பூட்டோட பேசுவார். மனுஷங்ககிட்டதான் வாய் திறக்காது" என்பாள் பெரியவள். அண்ணன் கீழே பூட்டுக்கடை வைத்திருந்தார். பூட்டு விற்பது, சாவி அராவிக் கொடுப்பது. "கிளிப்பு நாலு குடு. காத்து என் பாவாடையைக் கப்பலுக்கே அனுப்பிடும் போலிருக்கு."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் விடுதி மேனேஜர் வந்து நின்றார். விரித்துப் பிடித்த ஒரு விரிப்பில் விரலை ஓட்டிக் காட்டினார்.

"பாருங்க, மடிச்சு மடிச்சுத் தேய்க்கிறதால கோடு விழுது. வர்ற விருந்தாளிங்க உருளையில விட்டு எடுத்த மாதிரி வழவழன்னு கேக்கிறாங்க. சீசனுக்குள்ள உருளை மெஷின் போடுங்க, எல்லாத் துணியும் உங்களுக்குத்தான். இல்லைன்னா பெரிய சலவை ஆலைக்குத்தான் கொடுக்கணும். தப்பா நினைக்காதீங்க."

அவர் போனதும் தம்பி ஒரு துண்டு ரொட்டியைத் தேநீரில் நனைத்துக்கொண்டே வெகுநேரம் இருந்தார். ரொட்டி கரைந்து டம்ளரின் அடியில் இறங்கிவிட்டது.

"ஆலையில ஆள் எடுக்கிறாங்களாம். மாடியை வாடகைக்கு விட்டுட்டு நானும் அங்கேயே..."

"அங்க போய் அடுத்தவன் தொட்டியில நீலம் கலக்கவா? அதை இங்கயே கலக்குறோமே. மெஷின் வாங்குவோம்."

"வாங்கி?"

"வாங்கி ஓட்டுவோம். வேற என்ன, பொட்டு வச்சுப் பார்ப்போமா?"

சொன்னபடி வாங்கியும் விட்டாள். உடைப்புக்கு வந்த பயணிகள் கப்பலிலிருந்து கழற்றிய பழைய மெஷின். அடுத்தடுத்து இரண்டு நீள உருளைகள், ஒன்று சூடேறும். ஒரு பக்கம் ஈர விரிப்பை விட்டால் மறுபக்கம் பலகை மாதிரி தட்டையாக வெளியே வரும். விடுவதற்கு இந்தப் பக்கம் ஓர் ஆள், வாங்குவதற்கு அந்தப் பக்கம் ஓர் ஆள். சட்டம் முழுவதும் ஒரே வார்ப்பு, பக்கத்தில் பெரிய இரும்புச் சக்கரம். கழற்ற ஒரு மரை கிடையாது. கீழே வைத்தால் தண்ணீரிலும் சோடாவிலும் ஒரு மழைக்காலத்துக்குக்கூடத் தாங்காது. மாடிக் கூடத்தில்தான் வைக்க வேண்டும். பொதி பொதியாகத் துணியைத் தாங்கிய தளத்துக்கு இது ஒரு பாரமா?

ஆனால் சுருள்படியில் அது ஏறாது. சுருள்படியில் ஒரு பருத்த பூனைகூட யோசித்துத்தான் ஏறும்.

"மாமாகிட்ட கேட்டா பெரிய படி வழியா..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"அந்தப் பேச்சே வேணாம்."

அவள் வற்புறுத்தவில்லை. தெருவில் இறங்கி இடுப்பில் கை வைத்து வீட்டை அண்ணாந்து பார்த்தாள். உத்திரம், கொக்கி, கொக்கிக்குக் கீழே கதவு. பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இவ்வளவு நாள் சும்மாத்தானே நீட்டிக்கிட்டு இருந்துச்சு?"

தம்பிக்கு உற்சாகம் பற்றிக்கொண்டது. ஏணி போட்டு ஏறி, மூங்கில் கழியை வைத்து வெளியிலிருந்தே கதவை அளந்தார். அடையாளத்துக்குக் கயிறு கட்டிய கழியோடு இறங்கி வந்து மெஷினின்மேல் வைத்துக் காட்டினார். "தாராளமா நுழையும். பக்கத்துக்கு ஒரு சாண் மிச்சம்."

"ரெண்டு கதவும் நல்லாத் திறக்குமா? உள்பக்கம் நம்ம அலமாரி மறைச்சுக்கிட்டு இருக்கே."

"என்னைக் கேக்கிறியா? நான் பொறந்து வளர்ந்த வீடு. ரெண்டு கதவையும் விரியத் திறந்து போட்டுட்டு, காலைத் தொங்கவிட்டு உக்காந்திருப்போம். நானும்..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். "சரி, திறக்கும்."

துறைமுகத்திலிருந்து சுமை தூக்குகிறவர்கள் கப்பியும் கயிறுமாக வந்தார்கள். அவர்களுடைய மேஸ்திரிக்கு 'மெதுவா' என்றே பெயர். காலையில் கண் விழிக்கும்போதே "மெதுவா" என்று சொல்லிக்கொண்டுதான் எழுந்திருப்பார் என்று அவருடைய ஆட்களே கேலி செய்வார்கள். கொக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் தலையை ஆட்டினார். "கட்டினவன் கஞ்சன் இல்ல. கப்பலையே தூக்கலாம்." கயிற்றின் வாலைப் பீரங்கியில் இரண்டு சுற்றுச் சுற்றச் சொன்னார். பால்காரர் தன் சைக்கிளை முணுமுணுத்துக்கொண்டே வேறு இடத்தில் சாய்த்தார்.

தெரு கூடிவிட்டது. அண்ணன் மட்டும் கடையை விட்டு வெளியே வரவில்லை. காலையிலிருந்து ஒரே சாவியை அராவிக்கொண்டிருந்தார். அந்தச் சாவி இந்நேரம் ஊசியாகியிருக்க வேண்டும்.

"நீங்க ஏத்துங்க. அதுக்குள்ள நான் அலமாரியை நகர்த்திக் கதவைத் திறந்துடறேன்" என்று தம்பி சுருள்படியில் ஓடினார்.

"மெதுவா!" என்றார் மெதுவா. கயிறு விறைத்தது. உத்திரம் ஒரு முனகல் முனகிவிட்டுப் பேசாமல் தாங்கிக்கொண்டது. மெஷின் தரையை விட்டுக் கிளம்பி, தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொண்டு மேலே ஏறியது. வாசல் வளைவைத் தாண்டி, மீட்டரைத் தாண்டி, கதவுக்கு நேராகப் போய் நின்றது. தெரு கை தட்டியது.

கதவு திறந்தது. ஒரு பக்கக் கதவு மட்டும். அந்தப் பாதி இடைவெளியில் தம்பியின் முகம் தெரிந்தது. வெளுத்துப் போயிருந்தது.

"இன்னொரு கதவையும் திறங்க!" என்று சின்னவள் கீழேயிருந்து கத்தினாள்.

"அது... வராது."

"தாழ்ப்பாள் துரு ஏறியிருக்கும். தட்டுங்க!"

"துரு இல்ல." அவர் குரல் இறங்கிவிட்டது. "சுவர்."

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. வீட்டின் நடுவில் கொக்கி, கொக்கிக்குக் கீழே கதவு. நடுவில் கிழித்த கோடு கதவின் நடுவிலும்தான் போயிருந்தது. ஒரு கதவு இவர்கள் கூடத்தில், மறு கதவு அண்ணன் கூடத்தில். நடுவில் அவரே கட்டிய சுவர். வெளிச்சுவரை யாரும் பிரிக்கவில்லை. தெருவிலிருந்து பார்த்தால் இன்றும் அது ஒரே வீடுதான். அவர் அளந்தது சின்ன வயசில் திறந்து போட்டு உட்கார்ந்திருந்த கதவை. அந்த வீட்டில் பிறந்தவரால் மட்டுமே அப்படித் தப்பாக அளக்க முடியும்.

அவளுக்குக் கோபம் வந்தது. மேலே நின்ற முகத்தைப் பார்த்ததும் கோபம் பாதியில் நின்றுவிட்டது, பாவம்.

"கீழ இறக்கிடட்டுமா?" என்றார் மெதுவா. "மானம் கறுத்துக்கிட்டு வருது. கயிறு நனைஞ்சா பீரங்கியில வழுக்கும். இன்னிக்கு இறக்கினா அடுத்த வாரம்தான் வருவோம், கப்பல் வேலை இருக்கு."

அடுத்த வாரம் சீசன் ஆரம்பம். மேனேஜர் காத்திருக்க மாட்டார். புருஷன் ஆலை வாசலில் போய் நிற்பது அவள் கண்ணில் வந்து போனது.

"இறக்க வேணாம். பிடிச்சுக்கிட்டே இருங்க" என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகப் பூட்டுக்கடைக்குள் நுழைந்தாள்.

"மாமா, உங்க பக்கத்துக் கதவைத் திறக்கணும். சுவத்தையும் முன்பக்கம் கொஞ்சம் இடிக்கணும்."

அண்ணன் தலை நிமிரவில்லை. "அவன் வந்து கேக்கட்டும்."

"அவர் வர மாட்டார். உங்களுக்கும் தெரியும். நான் கேக்கிறேன்."

"படி வழியாவே ஏத்தியிருக்கலாமே. நான் வேணாம்னா சொன்னேன்?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"கேட்டாத்தானே தெரியும்."

"இப்ப கேட்டுட்டேன்ல? தெரிஞ்சுக்கலாம், சொல்லுங்க."

அவர் அரத்தைக் கீழே வைத்தார். "இங்க பாரும்மா. சுவர் வேணும்னு நின்னது யாரு? நானா? அவன் கட்டின சுவத்தை நான் ஏன் இடிக்கணும்?"

"கட்டச் சொன்னது அவர். இடிக்கச் சொல்றது நான். எனக்கும் உங்களுக்கும் என்ன சண்டை மாமா? நான் வந்ததே சுவத்துக்கு அப்புறம்."

அவர் ஏதோ பதில் சொல்ல வாய் எடுத்தார். அப்போது தலைக்குமேல் 'தொம்' என்று ஒரு சத்தம். இன்னொரு 'தொம்'. கடையில் மாட்டியிருந்த பூட்டுகள் ஆடின.

"யாரது இடிக்கிறது? அவனா?"

சின்னவள் காது கொடுத்துக் கேட்டாள். "சத்தம் உங்க பக்கத்துல இருந்துல்ல வருது."

மாடியிலிருந்து பெரியவளின் குரல் இறங்கி வந்தது. "ஏங்க, சம்மட்டியோட கைப்பிடி ஆடுது. வந்து ஒரு ஆப்பு அடிச்சுக் குடுத்துட்டு அப்புறம் சண்டை போடுங்க. மழை வருது!"

அண்ணன் எழுந்தார். சிரித்தாரா முறைத்தாரா என்று சொல்ல முடியாத ஒரு முகம். அகலப் படிக்கட்டில் அவர் ஏற, பின்னாலேயே சின்னவளும் ஏறினாள். தேய்ந்து குழிந்த மரப்படிகள், கை வழுக்கிப் போகிற கைப்பிடி. அந்த வீட்டுக்கு வந்து அவள் அதில் கால் வைப்பது அதுதான் முதல் தடவை.

"உன் புருஷன் சபதம் என்னாச்சு?" என்றார் அவர், திரும்பாமலே.

"அது அவர் காலுக்கு. என் காலுக்கு யாரும் சபதம் போடல."

பெரியவள் சுண்ணாம்பும் தூசியுமாக நின்றிருந்தாள். அண்ணன் தன் பக்கத்துக் கதவின் தாழ்ப்பாளை ஒரே தட்டில் விடுவித்தார். பூட்டுக்காரர் வீட்டில் துருப்பிடிக்குமா? பிறகு சம்மட்டியை வாங்கிக்கொண்டார். சுவரின் மறுபக்கத்திலிருந்தும் இடி கேட்டது. தம்பி சுத்தியலோடு ஆரம்பித்துவிட்டார். ஒருவர் அடித்துவிட்டு நிறுத்தினால் மற்றவர் அடித்தார். கறுப்புக் கட்டத்தின்மேல் செங்கல் சரிந்துகொண்டே வந்தது. கலவை இல்லாத சுவர், அதுவும் பெருந்தன்மையாக விழுந்து கொடுத்தது.

ஓட்டை வழியாக இரண்டு முகங்கள் தெரிந்தன, இரண்டும் வெள்ளை பூசினது மாதிரி. அண்ணன் தும்மினார். தம்பியும் தும்மினார்.

"மெதுவா!" கீழேயிருந்து அலறல். முதல் தூறல் விழுந்தது. கதவு இரண்டும் அகலத் திறந்திருக்க, நால்வரும் கை நீட்டி மெஷினின் சட்டத்தைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். ஒரு சாண் மிச்சம் என்று தம்பி சொன்னது சரியாகத்தான் இருந்தது. மெஷின் வாசலைத் தாண்டி, நடுவரிசைக் கறுப்புக் கட்டத்தின்மேல் பாதி இங்கும் பாதி அங்குமாக உட்கார்ந்தது. அதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. மெதுவாவும் ஆட்களும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வேகமாக ஓடினார்கள். "நகர்த்தறதுக்கு அப்புறமா வர்றோம்!"

மழை விட்ட மறுநாள் காலை அண்ணன் மெஷினைச் சுற்றி வந்தார். இடிந்த இடத்தைப் பார்த்தார்.

"சுவத்தை எப்ப கட்டுவீங்க?" என்று சின்னவளைக் கேட்டார்.

"மெஷினை நகர்த்தினதும் கட்டிடலாம் மாமா."

"அதை எப்ப நகர்த்துவீங்க?"

"சுவர் கட்ட ஆள் வந்ததும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். இதில் எங்கோ ஒரு பூட்டு இருக்கிறது, சாவி அவளிடம் இருக்கிறது என்று மட்டும் அவருக்கு விளங்கியது.

"ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடலாம்" என்றாள் அவள். உருளை சூடேறியது. தம்பி தன் பக்கத்தில் நின்று முதல் விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டார். அவள் சக்கரத்தைச் சுற்றினாள். ஆவி எழும்பியது, வெந்த கஞ்சியின் மணம் கூடம் முழுக்கப் பரவியது. இந்தப் பக்கம் ஈரமாகப் போன துணி அந்தப் பக்கம் வழவழவென்று வெளியே வரத் தொடங்கியது.

அந்தப் பக்கம் வாங்க ஆள் இல்லை. பெரியவள் மொட்டை மாடிக்குப் போயிருந்தாள். கிளிப்பு எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கை நிறையக் கிளிப்பு இருக்கும்போதே போனாள். வெளுத்த துணி இதோ தரையில், செங்கல் தூசியில் விழப்போகிறது. அண்ணன் ஓர் எட்டு முன்னால் வந்து இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வார்? துணி கோணலாக வந்தது. ஒரு பக்கம் நீண்டது, மறு பக்கம் சுருங்கியது.

"நேரா விடுடா" என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது அவருக்கு.

ஆவிக்குள் தம்பியின் முகம் தெரியவில்லை.

"நேராத்தான் விடறேன், அண்ணே. நீ இழு. சின்ன வயசுலயும் நீதான் கோணலா இழுப்பே."

"யாரு, நானா? பட்டம் விடறப்போ நூலை யாரு..."

"பட்டக்கதையை அப்புறம் பேசிக்கலாம்" என்று சின்னவள் சக்கரத்தை நிறுத்தாமலே கூடையைக் காலால் தள்ளினாள். "இன்னும் ஒரு கூடை இருக்கு. பிடிங்க மாமா."